அடிபம்புக்கு ஒரு சொம்பு: டிரைவர் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம் பற்றி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் இருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வந்தான். இங்கே நாங்கள் நாலைந்து பேர் வார இறுதியில் கூடி லினக்ஸ் பற்றிப் பேசுவது வழக்கம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான். இன்ஜினியரிங் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக ஒரு டிஸ்க் டிரைவர் எழுதியிருக்கிறான். மேலே இருந்து வரும் தரவை மறைகுறியாக்கி, கீழே இருக்கும் உண்மையான டிஸ்க்கில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"அண்ணா, எட்டு ஜிபி லேப்டாப்ல சூப்பரா ஓடுது. 512 எம்பி விஎம்-ல போட்டு ஒரு பெரிய ஃபைலைக் காப்பி பண்ணா அப்படியே நின்னுடுது. எரர் எதுவும் வரல. மவுஸ்கூட அசையல."

காலேஜில் கேட்டதற்கு ரேமைக் கூட்டச் சொல்லிவிட்டார்களாம். எனக்கும் முதலில் அவன் கோடில்தான் ஏதோ பிழை என்று தோன்றியது. உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். லாக் சரியாக இருந்தது. எடுத்த மெமரியைத் திருப்பித் தந்திருந்தான். எரர் வந்தால் கையாளும் பகுதிகூட இருந்தது. அவன் படித்த புத்தகம் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தான். தொங்கியதற்குக் காரணமே அதுதான். எனவே இந்தக் குறிப்பு அந்தப் புத்தகத்தைப் பற்றியது.

புத்தகம்

"லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்", மூன்றாம் பதிப்பு. ஜொனாதன் கார்பெட், அலெசாண்ட்ரோ ரூபினி, கிரெக் க்ரோ-ஹார்ட்மன் மூவரும் எழுதி 2005-இல் ஓரைலி வெளியிட்டது. கெர்னல் 2.6.10-ஐ வைத்து எழுதப்பட்டது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதனால்தான் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கெர்னல் பக்கம் எட்டிப் பார்க்கும் எல்லோர் கையிலும் முதலில் வந்து சேர்வது இதுதான். நானும் இதில்தான் படித்தேன். இந்தப் புத்தகத்துக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். கீழே எழுதப்போகும் குறையை அந்தக் கடனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எட்டாம் அத்தியாயம் மெமரி ஒதுக்கீடு. கேமலாக், அதன் கொடிகள், ஸ்லாப் கேஷ், மெம்பூல், முழுப் பக்கங்களாக வாங்குவது, விமலாக் என்று வரிசையாகப் போகிறது. இவற்றில் பலவற்றுக்கு 'ஸ்கல்' என்கிற மாதிரி டிரைவரின் ஒரு வடிவம் உண்டு. தெளிவான எழுத்து. தனியாக எடுத்தால் எந்த வாக்கியமும் தப்பில்லை.

ஆனால் அத்தியாயம் முழுவதும் ஓடும் அடிப்படை விதி இரண்டே கிளை கொண்டது. உன் கோட் தூங்கலாம் என்றால் ஜிஎஃப்பி-கெர்னல் கொடி. தூங்கக் கூடாது என்றால் ஜிஎஃப்பி-அட்டாமிக் கொடி. முதலாவதைக் கொடுத்தால், மெமரி இல்லாதபோது கெர்னல் உன்னைத் தூங்க வைத்துவிட்டு, வேறு எங்கிருந்தாவது இடத்தைக் காலி செய்து கொண்டுவந்து தரும். இரண்டாவதைக் கொடுத்தால் காத்திருக்காமல் அங்கேயே 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சொல்லிவிடும்.

எழுத்து எழுத்தாகத் தரவு வாங்கும் டிரைவருக்கு இது போதும். டிஸ்க் டிரைவருக்குப் போதாது. ஏன் என்று பார்க்கலாம்.

"வேறு எங்கிருந்தாவது" என்றால் எங்கிருந்து?

நாம் ஒரு ஃபைலில் எழுதும்போது தரவு உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் ரேமில் ஒரு பக்கத்தில் நிற்கும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கேபி. எழுதப்பட்டு, டிஸ்க்குக்கு இன்னும் போகாத பக்கத்தை அழுக்குப் பக்கம் என்பார்கள். நிரலுக்கு 'எழுதியாச்சு' என்று பதில் போய்விட்டிருக்கும். உண்மையில் எழுதும் வேலை பாக்கி.

ரேம் தீர்ந்துபோனால் கெர்னல் என்ன செய்யும்? சுத்தமான பக்கங்களைத் தூக்கி எறியும். அது போதாவிட்டால் அழுக்குப் பக்கங்களை டிஸ்க்கில் எழுதி சுத்தமாக்கும். நிரல்களின் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளும். அதாவது, மெமரியைக் காலி செய்யும் வழியே டிஸ்க் வழியாகத்தான் போகிறது.

இப்போது தம்பியின் டிரைவருக்கு வருவோம். அவன் டிஸ்க்கில் ஒரு பகுதி ஃபைல்களுக்கு, இன்னொரு பகுதி ஸ்வாப்புக்கு. ரேம் நிரம்பியது. கெர்னல் ஒரு பக்கத்தை ஸ்வாப்புக்கு அனுப்பியது. அது டிரைவரிடம் வந்தது. மறைகுறியாக்கிய நகலை வைக்க டிரைவருக்கு ஒரு 4 கேபி பக்கம் வேண்டும். கேமலாக்கை ஜிஎஃப்பி-கெர்னல் கொடியோடு கூப்பிட்டான். 'தூங்கலாம்' என்பதால் புத்தகப்படி அதுதான் சரி. ரேம் இல்லை. கெர்னல் டிரைவரைத் தூங்க வைத்துவிட்டு, இடம் காலி செய்வதற்காக இன்னொரு பக்கத்தை ஸ்வாப்புக்கு அனுப்பியது. அது யாரிடம் வரும்? தூங்கிக்கொண்டிருக்கும் அதே டிரைவரிடம்.

டிரைவர் மெமரிக்காகக் காத்திருக்கிறது. மெமரி டிரைவருக்காகக் காத்திருக்கிறது. எட்டு ஜிபி லேப்டாப்பில் இந்த நிலை வரவே வராது. அதனால் டெஸ்டில் எல்லாம் பாஸ்.

பழைய ஆட்களுக்கு இதைச் சொல்ல ஒரு அடிபம்பு போதும். ரொம்ப நாள் அடிக்காத பம்பில் வாஷர் காய்ந்திருக்கும். எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் தண்ணீர் ஏறும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும். 'தண்ணி வந்ததும் சொம்பு ரொப்பிக்கலாம்' என்று காலிச் சொம்போடு போனால், நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனவே டிஸ்க் டிரைவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'தூங்கலாமா' என்பதற்கு ஒரு படி தாண்டியது: யாரை நம்பித் தூங்குகிறேன்? எட்டாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்வி இல்லை.

இருக்கிறது, ஆனால் இல்லை

இதற்கென்றே ஒரு கொடி உண்டு. ஜிஎஃப்பி-நோஐஓ. 'எனக்காகக் காத்திரு, ஆனால் இடம் காலி செய்யப் புதிதாக டிஸ்க் வேலை எதையும் தொடங்காதே' என்று அர்த்தம். அத்தியாயம் இதைச் சொல்கிறது, கொடிகளின் பட்டியலில் ஒரு சின்னப் பத்தியாக. ஃபைல் சிஸ்டம் கோடிலும் மெய்நிகர் மெமரிக் கோடிலும்தான் முக்கியமாகப் பயன்படும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதைப் படிக்கும் டிஸ்க் டிரைவர் ஆள் 'நமக்கில்லை' என்று தாண்டிப் போவான். தம்பியும் தாண்டித்தான் போயிருக்கிறான். நானும் முதல் முறை தாண்டித்தான் போனேன்.

அடுத்தது மெம்பூல். முன்கூட்டியே சில துண்டுகளை எடுத்துப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதாவது நம்ம சொம்பு. புத்தகம் இதை விளக்கிய கையோடு எச்சரிக்கிறது: மெம்பூல் மெமரியை வீணாக முடக்கும், டிரைவர்களில் அரிதாகவே பயன்படுத்த வேண்டும், ஒதுக்கீடு தோற்றால் அதைக் கையாள்வதே நல்லது, அப்படித் தோற்பது சிஸ்டத்தின் நேர்மையைக் கெடுக்காத வரைக்கும்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கிறது. நிரலிடம் 'எழுதியாச்சு' என்று சொல்லியாகிவிட்ட தரவை டிரைவர் 'மெமரி இல்லை' என்று திருப்பி அனுப்பினால் சிஸ்டத்தின் நேர்மை கெடும். சொன்ன சொல் பொய்யாகும். எழுதுவதில் எரர் வந்தால் என்ன ஆகும் என்பது எவ்வளவு குழப்பமான விஷயம் என்று 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள ஆட்கள் கண்டார்கள். லினக்ஸில் எழுதத் தோற்ற பக்கம் சுத்தமானதாகக் குறிக்கப்பட்டுவிடலாம். அடுத்த முறை எஃப்சிங்க் கூப்பிட்டால் வெற்றி என்று பதில் வரலாம். கடைசியில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, பதிவேட்டில் இருந்து மீட்பது என்று மாற்றிக்கொண்டார்கள்.

புத்தகம் சாவியைக் கையில் கொடுக்கிறது. எந்தப் பூட்டுக்கு என்று சொல்லவில்லை.

16-ஆம் அத்தியாயம் டிஸ்க் டிரைவர் பற்றியது. அங்கேயாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே எடுத்த உதாரணம் 'ஸ்புல்'. ரேமிலேயே டிஸ்க் போல நடிக்கும் டிரைவர். தொடங்கும்போதே விமலாக் மூலம் மொத்த இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. பிறகு வெறும் நகல் எடுப்பதுதான் வேலை. இடையில் தரவை மாற்றி வைக்கத் தனிப் பக்கம் எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. ஆகவே நம்ம பிரச்சினை அந்த உதாரணத்தில் முளைக்க இடமே இல்லை. கற்றுக்கொடுப்பதற்காகத் தேர்ந்தெடுத்த டிஸ்க்கே ஆபத்து இல்லாத டிஸ்க்.

அன்றைய முறையில் டிரைவரின் ரிக்வெஸ்ட் ஃபங்ஷன் லாக்கைப் பிடித்தபடி ஓடும். அங்கே தூங்கவே கூடாது. அதை மட்டும் புத்தகம் அழுத்திச் சொல்கிறது. இன்றைக்குப் பலரும் வேலையை ஒரு ஒர்க்-கியூவுக்குத் தள்ளிவிட்டு அங்கே வைத்துச் செய்கிறார்கள். அங்கே தூங்கலாம். உடனே இரண்டு கிளை விதி ஞாபகத்துக்கு வரும், ஜிஎஃப்பி-கெர்னல் என்று கை தானாக எழுதும்.

மூன்றாவது முடிவு

'தோற்றால் கையாளு' என்கிற அறிவுரையில் இன்னொரு ஓட்டை உண்டு. ஜிஎஃப்பி-கெர்னலில் சின்ன ஒதுக்கீடுகள் நடைமுறையில் தோற்பதே இல்லை. எட்டுப் பக்கம், அதாவது 32 கேபி வரைக்கும் கேட்டால், கெர்னல் கிடைக்கும் வரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2014 டிசம்பரில் இந்தப் பழக்கம் கெர்னல் அஞ்சல் பட்டியலில் பெரிய விவாதமானது. அதை எல்டபிள்யூஎன் தளத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியப்படுத்தியவர், இதே புத்தகத்தின் முதல் ஆசிரியர் கார்பெட்தான்.

அப்படியானால் புத்தகம் காட்டும் உலகில் இரண்டு முடிவுகள்: கிடைத்தது, கிடைக்கவில்லை. நிஜத்தில் மூன்றாவது ஒன்று உண்டு: திரும்பி வரவேயில்லை. தம்பி அழகாக எழுதியிருந்த எரர் கையாளும் பகுதி ஒருமுறைகூட ஓடியிருக்காது. மவுஸ் அசையாமல் நின்றதற்குப் பின்னால் இருந்தது இந்த மூன்றாவது முடிவு.

அவன் விடவில்லை. "அப்ப அட்டாமிக் போட்டுப் பாக்கலாமாண்ணா?" என்றான். போட்டோம். தொங்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒதுக்கீடு தோற்று, டிரைவர் எரர் அனுப்பி, ஃபைல் சிஸ்டம் இனி படிக்க மட்டும் என்று மாறிக்கொண்டது. காப்பி செய்த ஃபைல் பாதியில். "இது அதவிட மோசம்ணா" என்றான். உண்மைதான்.

நோஐஓ மட்டும் போட்டாலும் முழுத் தீர்வு கிடைக்காது. தன்னையே சுற்றி வரும் வளையம் அறுபடும். ஆனால் தூக்கி எறியச் சுத்தமான பக்கமே இல்லையென்றால் காத்திருப்பு தொடரும். நோஐஓவும் வேண்டும், சொம்பும் வேண்டும்.

சொம்பு எவ்வளவு பெரிசு?

புத்தகத்தின் பயம் மெம்பூல் மெமரியைத் தின்றுவிடும் என்பது. கெர்னலின் சொந்தக் கோடைப் பார்த்தால் இந்தப் பயம் கரைந்துவிடும். டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு வேலையும் 'பயோ' என்கிற ஒரு சின்னக் கட்டமைப்பில் போகிறது. அதற்கான பொது மெம்பூலில் சேமித்து வைத்திருப்பது எத்தனை தெரியுமா? இரண்டு.

ஆயிரக்கணக்கான வேலை ஓடும் சர்வரிலும் இரண்டுதான். காரணம், அந்தச் சேமிப்பு வேகத்துக்காக வைத்தது கிடையாது. மெம்பூல் முதலில் வழக்கமான வழியில் கேட்டுப் பார்க்கும், காத்திருக்காமல். கிடைக்காதபோதுதான் சேமிப்பில் கை வைக்கும். அதுவும் தீர்ந்தால் யாராவது திருப்பித் தரும்வரை தூங்கும். திருப்பித் தரும்போது முதலில் சேமிப்பு நிரம்பும், மிச்சம்தான் பொதுவுக்குப் போகும். பம்பில் தண்ணீர் வந்ததும் முதல் வேலையாகச் சொம்பை ரொப்பி ஓரமாக வைப்பது போல. ஒரே ஒரு வேலை முடிந்தாலும் போதும், அடுத்தது நகரும், பிறகு அதற்கு அடுத்தது. நிற்காமல் நகரும் என்கிற உறுதி மட்டும்தான் அதன் விலை. அதற்குச் சொம்பு போதும், தொட்டி வேண்டாம்.

சொம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைப் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வது டிஎம்-கிரிப்ட் என்கிற டிரைவரின் கோடுக்குள் இருக்கும் ஒரு கமெண்ட். டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கும் லினக்ஸ் பகுதி அது. தம்பியின் ப்ராஜெக்ட் எதைச் சின்ன அளவில் செய்ய முயன்றதோ அதுவே. அந்த கமெண்ட் சொல்லும் காட்சி இது: சேமிப்பில் 256 பக்கம். இரண்டு ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் 256 வேண்டும். ஒரே சமயத்தில் எடுக்க ஆரம்பித்தால், இருவர் கையிலும் 128, சேமிப்பு காலி, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அரைச் சொம்பு உன்னிடம், அரைச் சொம்பு என்னிடம், பம்பு யாருக்கும் ஏறாது.

அதற்கு அவர்கள் கண்ட வழி: முதலில் காத்திருக்காமல் எடுத்துப் பார். முடியாவிட்டால் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவராகக் காத்திருந்து எடு. படித்ததும் எனக்கு ஒரு முழு அத்தியாயம் படித்த திருப்தி.

2005-க்குப் பிறகு

நியாயமாகச் சொன்னால், புத்தகம் வந்த பிறகு கெர்னலே இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கிறது. யூஎஸ்பி டிஸ்க் ஒன்று பதில் சொல்லவில்லை என்று டிரைவர் அதை ரீசெட் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்யும் கோட் டிஸ்க் பற்றி எதுவும் தெரியாத பொது யூஎஸ்பி கோட். அது வழக்கம்போல ஜிஎஃப்பி-கெர்னலில் மெமரி கேட்கும். கெர்னல் அழுக்குப் பக்கத்தை எழுதப் போகும். எங்கே? ரீசெட்டில் இருக்கும் அதே டிஸ்க்குக்கு. ஒவ்வொரு அழைப்பிலும் கொடியை மாற்றி மாளாது. 2013-இல் கெர்னல் 3.9-இல் வேறு வழி வந்தது: 'இந்த இடத்தில் இருந்து இந்த இடம் வரை நான் எதைக் கேட்டாலும் நோஐஓ என்று எடுத்துக்கொள்' என்று ப்ராசஸ் மீதே ஒரு குறி வைப்பது. இன்றும் யூஎஸ்பி ரீசெட் கோடைத் திறந்தால் அந்தக் குறியும், ஏன் என்கிற காரணமும் இருக்கும்.

2014-இல் 3.13-இல் வந்த பிஎல்கே-எம்கியூ இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டிரைவருக்கு எத்தனை பைட் சொந்தமாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். கெர்னல் வரிசையின் நீளத்துக்கு ஏற்ப முன்பே எடுத்து வைத்துவிடும். வேலை நடக்கும்போது அந்த பைட்டுகளுக்காகக் கேட்பதே இல்லை. கேட்காதவன் காத்திருக்கத் தேவையில்லை. 2019-இல் 5.0 வந்தபோது, புத்தகம் கற்றுத்தந்த பழைய ரிக்வெஸ்ட் முறையே கெர்னலில் இருந்து நீக்கப்பட்டது. 16-ஆம் அத்தியாயத்தின் கோட் இன்று கம்பைல்கூட ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், காலாவதியானதால் 16-ஆம் அத்தியாயம் இப்போது யாரையும் ஏமாற்றாது. எட்டாம் அத்தியாயத்தின் கேமலாக்தான் இன்றும் கம்பைல் ஆகிறது, இன்றும் ஓடுகிறது, இன்றும் டிஸ்க் டிரைவர் எழுதுகிறவனைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

நம்ம பாடத்திட்டம்

பழியைப் புத்தகத்தின் மேல் மட்டும் போடுவதும் சரியில்லை. ஓஎஸ் பாடம் படித்த எல்லோருக்கும் ஒரு கணக்கு ஞாபகம் இருக்கும். 100, 500, 200, 300, 600 கேபி என்று ஐந்து இடங்கள். 212, 417, 112, 426 கேபி என்று நாலு ப்ராசஸ். ஃபர்ஸ்ட் ஃபிட், பெஸ்ட் ஃபிட், வொர்ஸ்ட் ஃபிட், எது எங்கே உட்காரும்? பெஸ்ட் ஃபிட்டில் நாலும் உட்காரும். மற்ற இரண்டிலும் 426 'காத்திருக்க வேண்டும்' என்று எழுதி முழு மார்க் வாங்கியிருப்போம்.

யாருக்காகக் காத்திருக்கும்? எவ்வளவு நேரம்? அது காத்திருப்பதால் வேறு எது நிற்கும்? ஒருத்தரும் கேட்டதில்லை. நம் மனதில் மெமரி ஒதுக்கீடு என்றால் இடம் பிடிக்கும் கணக்காகவே பதிந்துவிட்டது. தம்பி வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "டிரைவருக்கு பெஸ்ட் ஃபிட் நல்லதா, ஃபர்ஸ்ட் ஃபிட் நல்லதாண்ணா?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்டான்.

எட்டாம் அத்தியாயத்தை நான் திருத்தி எழுதுவதாக இருந்தால் பெரிதாக ஒன்றும் மாற்றமாட்டேன். கேமலாக்குக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்ப்பேன். அதில் ஒரே கேள்வி: உன் கோட் நின்றால், உனக்கு மெமரி தர வேண்டியவரும் நிற்பாரா? 'ஆம்' என்றால் நோஐஓ, மெம்பூல் பகுதிகளை முதலில் படி. 'இல்லை' என்றால் மெம்பூலைத் தாண்டிப் போ. புத்தகத்தின் எல்லா அறிவுரையும் அப்போது சரியாகிவிடும், ஏனென்றால் அது யாருக்கான அறிவுரை என்று தெரிந்துவிடும்.

அன்று மாலை தம்பி பக்கங்களுக்கு ஒரு மெம்பூல் வைத்தான். பயோவுக்குத் தனி மெம்பூல். கொடியை நோஐஓ ஆக்கினான். மறுபடி ஓட்டினோம், மறுபடி நின்றது! தேடிப் பார்த்தால் ஒர்க்-கியூ. நெருக்கடியில் புது ஒர்க்கர் த்ரெட் உருவாக்கவும் மெமரி வேண்டும். அதற்கும் ஒரு கொடி இருக்கிறது. அதைப் போட்டால் அவசரத்துக்கு ஒரு த்ரெட்டை முன்பே உருவாக்கி வைத்துக்கொள்ளும். இன்னொரு சொம்பு. அதையும் சேர்த்துவிட்டு, ஏழு மணி பஸ் பிடித்துத் திண்டிவனம் போனான்.

மறுநாள் காலை போன் செய்தான். ராத்திரி முழுக்க 512 எம்பி விஎம்-ல் ஓடவிட்டிருக்கிறான்.

"மெதுவாத்தாண்ணா போகுது. ஆனா நிக்கல."

மெதுவாகப் போவது ஏன், அதைக் கூட்ட முடியுமா என்று அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன்.